கல்லாறு–குன்னூர் மாதிரி: ஏற்றத்தில் எஞ்சின் வழுக்குகிறது

கேள்வி: அருங்காட்சியகத்துக்கான நீலகிரி மலை ரயில் மாதிரி. 1:87 அளவு, 12 மி.மீ. பாதை, ஏற்றம் 12.5-க்கு 1. எஞ்சின் மூன்று பெட்டிகளுடன் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது. எடை கூட்டினால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. 8 சதவீத ஏற்றம் அது. எடை கூட்டினால் மோட்டார்தான் சூடேறும். அசலில் இருப்பது போலவே நடுவில் பல்தண்டவாளம் போட்டு, எஞ்சின் அச்சில் பல்சக்கரம் மாட்டுங்கள். எஞ்சின் பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளட்டும். அசலும் அப்படித்தான், கொக்கி விட்டாலும் பெட்டி உருண்டு போகாது.

பதில் 2: தகராறு வருவது எஞ்சின் பல்தண்டவாளத்துக்குள் நுழையும் இடத்தில்தான். பல்லின் மேல் பல் ஏறி எஞ்சின் தூக்கிக்கொள்ளும். முதல் 4 செ.மீ. துண்டை மெல்லிய ஸ்பிரிங் மேல் வைத்து, முனைப் பற்களை அரத்தால் தாழ்த்துங்கள். சமதளம் ஏற்றமாக மாறும் இடத்தை 30 செ.மீ. நீளத்துக்கு மெதுவாக வளையுங்கள்.

பதில் 1: ஒன்று விட்டுப்போச்சு. அசல் பாதையில் இருக்கும் பல்தண்டவாள அமைப்புக்கு ஆப்ட் முறை என்று பேர். அதில் இரண்டு பல்பட்டைகள், பற்கள் பாதி இடைவெளி தள்ளி இருக்கும். இந்த அளவில் அது கண்ணுக்குத் தெரியாது. பெரிதாக ஒரு துண்டு செய்து பக்கத்தில் வையுங்கள்.