பொருள்: ரெஸ்டோரேட்டிவ் டிசிப்ளின், தமிழில் என்ன? (திங்கள் அச்சுக்குப் போகிறது)

காட்பாடி ஆசிரியை:
வணக்கம். ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'மறுசீரமைப்பு' என்றால் வங்கிக் கடன் ஞாபகம் வருகிறது. 'சீர்திருத்தம்' என்றால் சீர்திருத்தப் பள்ளி. விஷயம் இதுதான்: தண்டிக்காமல், உண்டான பாதிப்பைப் பேசிச் சரிசெய்ய வைப்பது. ஏழாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் ஜியாமெட்ரி பாக்ஸை மாடியிலிருந்து வீசிவிட்டான். முட்டி போட வைக்காமல் வட்டமாக உட்கார்ந்து பேசினோம். "பாக்ஸ் போனா போகுது மிஸ், எல்லார் எதிர்லயும் சிரிச்சானே" என்றான் பறிகொடுத்தவன். வீசியவன் ரொம்ப நேரம் தரையையே பார்த்தான். அப்புறம் நெளிந்த மூடியைக் கல்லால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தான். இதற்கு ஒரு சொல் வேண்டும்.

வேலூர் தமிழாசிரியர் (ஓய்வு):
ஒப்புரவு. வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தண்டனைக்கு 314-ஆம் குறளில் 'ஒறுத்தல்' இருக்கிறது. ஒறுத்தலா, ஒப்புரவா? மோனையோடு நிற்கிறது பாருங்கள்.

ஆற்காடு வழக்கறிஞர்:
அந்த அதிகாரத்தில் வருவது ஊருணியும் பயன்மரமும். ஊருக்கு உதவுவது வேறு, வழக்குத் தீர்ப்பது வேறு ஐயா. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒப்புரவு என்றால் பாவசங்கீர்த்தனம் வேறு.
1974-ல் கனடாவின் எல்மைரா ஊரில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போய் ஈடு கட்ட வைத்தார்கள். ஈடு என்பது சொல்லில் வரட்டும். நம் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிக்காதே என்கிறது. அடிக்காமல் என்ன செய்வது என்று சொல்வதில்லை.

குடியாத்தம் நெசவாளர் மகன்:
தறியில் பழைய பாவு (நீளவாட்டு நூல்) தீரும்போது புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போம். 'பிணைப்பு நெறி'?

ஆற்காடு வழக்கறிஞர்:
பிணை என்றால் ஜாமீன். பெற்றோர் பயந்துவிடுவார்கள்.

வேலூர் தமிழாசிரியர்:
முதலில் 'ஆற்காடு' என்பதைத் திருத்துங்கள். ஆர் என்றால் ஆத்தி மரம், ஆர்க்காடுதான் சரி. ஆறு காடு என்பது பிறகு கட்டிய கதை.

ஆற்காடு வழக்கறிஞர்:
வட ஆற்காடு மாவட்டத்தையே 1989-ல் பிரித்தாயிற்று. தலைப்புக்கு வாருங்கள் ஐயா.

காட்பாடி ஆசிரியை:
பிள்ளைகள் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். வட்டம் போட்டாலே இரண்டு விரலை நீட்டி, "இன்னிக்குப் பழம் விடுற கூட்டமா மிஸ்?" என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வேலூர் தமிழாசிரியர்:
அரசாங்கக் கையேட்டு அட்டையில் பழமா!

ஆற்காடு வழக்கறிஞர்:
பழம் விட்டால் பேச்சு சேரும், மூடி நிமிராது.

குடியாத்தம் நெசவாளர் மகன்:
அப்படியானால் 'சீர்செய் நெறி' என்று வையுங்கள். தறி நின்றால் சீர்செய்வது என்றுதான் நாங்களும் சொல்வோம்.

காட்பாடி ஆசிரியை:
இரவு 11 மணி. மூன்று பேர் சரி என்றதால் 'சீர்செய் நெறி' என்றே அனுப்பிவிட்டேன். 'பழம்' உள்ளே ஒரு பெட்டிச் செய்தியில் இருக்கிறது.

வேலூர் தமிழாசிரியர்:
வினைத்தொகையைப் பிரித்து எழுதக் கூடாது, 'சீர்செய்நெறி'. ஒப்புரவை நான் விடவில்லை. இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.