உதவி தேவை: குவாதலூப் தீவில் மரச்சாமான் செய்பவரின் பூர்வீகம், காரைக்காலில் தேடியும் கிடைக்கவில்லை

புதுவைக்காரி:

வணக்கம். என் கணவரின் நண்பர் கரீபியனில் பிரான்சுக்கு உட்பட்ட குவாதலூப் தீவில், லெ மூல் என்ற ஊரில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறார். மஹோகனியில் ஆடுநாற்காலி, தூண் வைத்த பழைய மாதிரிக் கட்டில், அலமாரி எல்லாம் செய்வார். அவருடைய தாத்தாவுக்கும் இதே தொழில்தான். தாத்தாவின் இழைப்புளி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கட்டைவிரல் படும் இடத்தில் மரம் குழிந்து, எண்ணெய் ஏறிக் கறுத்துப் போயிருக்கிறது. போன விடுமுறையில் அதை என் கையில் கொடுத்து, "எங்கள் ஆட்கள் எந்த ஊர் என்று கண்டுபிடித்துத் தருவாயா?" என்று கேட்டார். எப்படியாவது செய்து கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

குடும்பப் பெயர் மினாச்சி. முதலில் வந்தவர் காரைக்காலில் கப்பல் ஏறியதாக வீட்டில் சொல்வார்களாம். பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் காரைக்கால் பதிவேடுகளைப் புரட்டிவிட்டேன். அப்படி ஓர் ஆண் பெயரே இல்லை. மீனாட்சிசுந்தரம் சுருங்கிவிட்டதோ? தச்சுத் தொழில் என்பதால் ஆசாரிக் குடும்பமாக இருக்கும் என்று அந்த வழியிலும் விசாரித்தேன். எங்கே இடிக்கிறது?

காரைமேட்டுத்தெரு:

அக்கா, காரைக்காலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே கப்பல் ஏறினார் என்றால் அங்கே பிறந்தார் என்று ஆகாது. 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். குவாதலூப்புக்கு முதல் கப்பல் 'ஒரேலி' 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் போனார்கள். அவர்களில் நிறையப் பேர் தஞ்சாவூர், தென்னார்க்காடு பக்கம், அதாவது பிரிட்டிஷ் பகுதிக்காரர்கள். அவர்கள் பிறப்பு காரைக்கால் ஏட்டில் ஏறியிருக்காது.

இன்னொன்று, மினாச்சி ஆண் பெயராக இருக்கவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? நம் முறைப்படி நடந்த கல்யாணத்தைத் தோட்டத்தில் யாரும் நகர மன்றத்தில் பதியவில்லை என்றால், பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. பிள்ளை அம்மாவின் பெயரில்தான் பதிவாகும். நம்மவர்களுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். அந்தப் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயர் ஆனது. என் கணிப்பு, மீனாட்சி அவருடைய கொள்ளுப்பாட்டியோ அதற்கும் மேலே ஒருவரோ. நீங்கள் இல்லாத ஆண் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நண்பரிடமிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். அப்பா, தாத்தா பிறப்புக்கு ஊர் நகர மன்றத்தில் 'கோப்பி இன்டெக்ரால்' கேளுங்கள். முழுப் பிரதி அதுதான், சுருக்கம் வாங்கினால் பயனில்லை. 75 ஆண்டு தாண்டாத பிறப்புப் பதிவுகளை நேரடி வாரிசுதான் கேட்க முடியும், அதனால் கடிதம் அவர் பெயரில் போகட்டும். 19ஆம் நூற்றாண்டுக்கு நீங்கள் பார்த்த அதே இணையதளத்தில் குவாதலூப் பகுதிக்குப் போய் லெ மூல் ஏடுகளைத் திறக்கலாம். 1776 ஆணைப்படி குடியேற்ற நாட்டுப் பதிவேடுகளின் ஒரு பிரதி பிரான்சுக்கு அனுப்பப்பட்டது. 1928 சூறாவளி மாதிரி எத்தனையோ தீவின் மேல் அடித்தும் இன்று நாம் படிக்க முடிகிறது என்றால் அந்த ஏற்பாட்டால்தான்.

தச்சுப்பட்டறை:

ஆசாரி விஷயத்துக்கு மட்டும் பதில். நான் பரம்பரையாக இந்தத் தொழிலில் இருப்பவன். தொழிலை வைத்துச் சாதியைப் பிடிக்க அந்தத் தீவில் வழியில்லை. கப்பலில் போனவர் ஊரில் நெசவாளியோ குயவரோ யாராக இருந்தாலும், ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது கரும்பு வெட்டத்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர்களோ பிள்ளைகளோ வேறு தொழிலுக்கு நகர்ந்தார்கள். நீங்கள் சொல்லும் ஆடுநாற்காலி, கடைசல் தூண் கட்டில் எல்லாம் கிரியோல் பட்டறைகளின், அதாவது அந்தத் தீவிலேயே உருவான பாணியின் வேலை. அந்தத் தொழிலை அடிமைக் காலத்திலிருந்தே செய்து வளர்த்தவர்கள் கறுப்பினக் கைவினைஞர்கள். தாத்தா யாரிடம் தொழில் பழகினார் என்று கேளுங்கள். அவருடைய கல்யாணப் பதிவில் சாட்சிகளின் பெயரும் தொழிலும் எழுதியிருக்கும். அதில் ஒருவர் தச்சராக இருந்தால் குருவாக இருக்க வாய்ப்பு உண்டு. அவரும் இந்தக் குடும்பத்தின் கதைதானே.

புதுவைக்காரி:

நீங்கள் சொன்னபடியே! தாத்தாவின் அப்பா 1880களில் பிறந்த பதிவு கிடைத்துவிட்டது. தாய் மினாச்சி, இந்தியக் குடியேறி, தோட்டத்தின் பெயர், பக்கத்தில் ஓர் எண். தந்தை பெயர் இல்லை. நண்பருக்குப் படம் அனுப்பினேன், ரொம்ப நேரம் பதிலே வரவில்லை. அப்புறம், "அப்பா இல்லாத பிள்ளையா?" என்று கேட்டார். என்ன சொல்வது?

காரைமேட்டுத்தெரு:

அப்பா இல்லை என்று சொல்லாதீர்கள், ஏட்டில் எழுதவில்லை என்று சொல்லுங்கள். இரண்டும் வேறு. அந்தத் தோட்டத்திலேயே சேர்ந்து வாழ்ந்த கணவராக இருக்கலாம். பதிவின் விளிம்பில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பின்னாளில் தந்தை பிள்ளையை ஏற்றுக்கொண்டிருந்தால் அங்கேதான் குறிப்பார்கள். மீனாட்சியின் மற்றப் பிள்ளைகளின் பதிவுகளையும், அவர் பின்னால் முறைப்படி மணம் செய்தாரா என்பதையும் பாருங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அந்த எண். அது குடியேறிப் பதிவு எண். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று மீனாட்சிகள் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான். அதே தீவில் குர்பேர் என்ற ஊரில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எண்ணையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிக் கேளுங்கள். குடியேறிப் பதிவேடுகள் எல்லா ஊருக்கும் முழுசாக மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றில் கப்பல், வந்த தேதி, வயது, பெற்றோர் பெயர், பிறந்த ஊர் என்று பெரும்பாலும் இருக்கும். ஊரைப் பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிடிபடாவிட்டால் படத்தை இங்கே போடுங்கள்.

பழைய வாக்காளர் பட்டியல்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அவற்றில் இவர்கள் பெயர் இருக்க வாய்ப்பில்லை. இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு, அந்தத் தீவின் இந்திய வம்சாவளிக்காரர் ஆன்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் முடிந்தது.

புதுவைக்காரி:

விளிம்பில் இரண்டு வரி இருக்கிறது, மை மங்கியிருக்கிறது. 'ரெக்கொனு' என்ற சொல் மட்டும் தெளிவு. பெரிதாக்கிய படம் கீழே. காப்பகத்துக்கு நண்பர் பெயரிலேயே கடிதம் எழுதிவிட்டோம்.

காரைமேட்டுத்தெரு:

'ரெக்கொனு' என்றால் பிள்ளையை ஏற்றுக்கொண்டதாகப் பதிந்திருக்கிறார்கள், அக்கா. தந்தையாக இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம். அடுத்த சொல் 'ப்பார்', அதாவது 'இன்னாரால்'. அதற்குப் பிறகு வருவதுதான் ஏற்றுக்கொண்டவர் பெயர். முதல் எழுத்து வி மாதிரி தெரிகிறது. அந்தக் குறிப்பில் உள்ள ஆண்டின் கல்யாண ஏட்டைத் திறங்கள், நானும் இங்கே பார்க்கிறேன்.