மறு: ‘மொடல் யூஎன்’ – தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் உயர்தரப் பிள்ளைகள் ‘மொடல் யூஎன்’னைத் தமிழிலேயே நடத்த வெளிக்கிட்டிருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் (ஐ.நா.) சபை நடப்பதைப் போலவே மாணவர்கள் நடத்திப் பார்க்கும் அவை அது. ஆளுக்கொரு நாடு. அந்த நாட்டுப் பிரதிநிதியாகப் பேசி, மற்றவர்களோடு பேரம் பேசி, கடைசியில் தீர்மானம் எழுதி வாக்கெடுப்புக்கு விடவேண்டும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகாமல் பெயருக்காகக் காத்திருக்கிறது. இந்தக் குழுவில் இதுவரை ‘போலி’, ‘பாவனை’, ‘களரி’, ‘மாதிரி’ என்று நாலு சொல் வந்துவிட்டன. எதை அடிக்கக் கொடுக்கட்டும்?

——

டீச்சர்,

மூன்று கிழமையாக எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவனுக்கு அது லேசான காரியமில்லை.

> போலி ஐ.நா. அவை என்பதே சரி. இலக்கணத்தில் போலி என்றால் பொய் இல்லை.

சென்னை நண்பர் சொல்வது சரிதான். பந்தல் பந்தர் ஆவதும் போலிதான், அதில் களவு ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்குப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் தாளில் ‘போலி ஐக்கிய நாடுகள் சபை’, அதற்குக் கீழே ‘சான்றிதழ்’ என்று இருக்கும். வாசலில் இருக்கிற வாப்பாவோ அப்பாவோ அதை எப்படி வாசிப்பார் என்று யோசியுங்கள்.

> பாவனை என்றால் சிமுலேஷனுக்கு நேர்ச் சொல்.

இந்தியாவில் நேராக இருக்கலாம். இங்கே இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு. பால்மா பெட்டியிலும் பாவனை, நுகர்வோரும் பாவனையாளர். ‘பாவனை ஐ.நா.’ என்றால் பாவித்துப் பழசான ஐ.நா. என்று நினைப்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, அது வேறு கதை.

‘களரி’ என்று எழுதிய தம்பிக்கு என் மனம் அரைவாசி சாய்ந்தது. நான் கூத்துக் களரியை, அதாவது கூத்தாடும் அரங்கைச் சுற்றி வளர்ந்தவன். ஆனால் கூத்தில், பழக்குகிற அண்ணாவியார் முதலில் சட்டம் (அவரவர் பாட்டு எழுதிய ஏடு) கொடுப்பார், ஆடுபவன் அந்தப் பாட்டைத்தான் பாடவேண்டும். உங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுக்க ஆள் இல்லை. எதிரில் இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்றும் தெரியாது. அதனால் களரி வேண்டாம்.

மிச்சம் ‘மாதிரி’. ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள் நிற்கிறது என்று குறை சொன்னார்கள். மாதிரிக் கிராமம் என்றால் முன்னுதாரணம், துணிக்கடையில் மாதிரி என்றால் ஒரு துண்டு. ஆனால் ‘மாதிரி வினாத்தாள்’ எழுதாமல் சாதாரண தரப் பரீட்சைக்குப் போன பிள்ளை நாட்டில் இல்லை. உண்மையான தாளைப் போலவே இருக்கும், அதே நேரம், அதே விதி, பெறுபேறு மட்டும் கணக்கில் வராது. இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? ‘மாதிரி ஐ.நா. அவை’ என்று அடிக்கக் கொடுங்கள். இந்த விளையாட்டு ஐ.நா.வுக்கும் மூத்தது. 1920களிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தை வைத்து இதை ஆடினார்கள். பெயர் மாறினாலும் ஆட்டம் ஓடும்.

இனி நான் எழுத வந்த விஷயம். வாசலில் மாட்டும் பெயருக்கு மூன்று கிழமை அடிபட்டோம், உள்ளே பிள்ளைகள் வாயில் என்ன சொல் இருக்கப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிச் சொற்கள் நம்மிடம் ஏற்கனவே உண்டு. மாணவர் பாராளுமன்றம் நடத்தும் பிள்ளைகளுக்குப் பிரேரணை, வழிமொழிதல், ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் தெரியும். அவற்றை மாற்ற வெளிக்கிடாதீர்கள். நாட்டின் பெயரைக் கூப்பிட்டதும் ‘சமுகம்’ என்றால் வந்திருக்கிறேன் என்று பொருள், ‘சமுகமும் வாக்கும்’ என்றால் இனி வாக்களிக்காமல் ஒதுங்கமாட்டேன் என்று பொருள். பிள்ளைகள் கதிரையில் இருந்தபடி தலைவர் அழைக்க அழைக்கப் பேசுவது முறைப்பேச்சு. எழும்பிப்போய் மூலைக்கு மூலை கூடி நிற்பது கூடிப்பேச்சு. முறை என்பதில் ஒழுங்கும் இருக்கிறது, என் முறை உன் முறை என்பதும் இருக்கிறது.

சிக்கல் தீர்மானத்தில்தான். ஐ.நா.வின் ஆறு உத்தியோக மொழிகளில் தமிழ் இல்லை. அதனால் தீர்மானம் எழுதுவதற்கு நமக்கென்று கைப்பழக்கமான வாய்ப்பாடு கிடையாது. ஆங்கிலத்தில் முழுத் தீர்மானமும் ஒரே வசனம். எழுவாய் பொதுச் சபை. பிறகு ‘நினைவுகூர்ந்து’, ‘கவலைகொண்டு’ என்று காற்புள்ளி காற்புள்ளியாகக் காரணங்கள். பிறகு இலக்கமிட்ட செயல்கள், அரைப்புள்ளி வைத்து, கடைசியில் ஒரேயொரு முற்றுப்புள்ளி. இந்த இரண்டு பகுதிக்கும் ‘முன்னுரை வாசகம்’, ‘செயற்பாட்டு வாசகம்’ என்று முன்மொழிந்தார்கள். சொல்லலாம், பிழையில்லை. ஆனால் தமிழ் வசனத்தின் எலும்புக்கூடே அதுதானே! காரணம் சொல்வதெல்லாம் வினையெச்சம், செய்வதெல்லாம் வினைமுற்று. மேலே எச்ச வாசகம், கீழே முற்று வாசகம். இப்படி:

பொதுச் சபை,
1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயத்தை நினைவிற்கொண்டும்,
கடற்கரை இல்லாத நாடுகளின் போக்குவரத்துச் சிரமங்களை உணர்ந்தும்,
1. கரையுள்ள அயல்நாடுகள் வழிவிட முன்வருமாறு கேட்டுக்கொள்கிறது;
2. வரிச் சலுகை பற்றிப் பேச்சு நடத்துமாறு வலியுறுத்துகிறது.

ஆங்கிலத்தில் முதற் சொல்லைத் தனித்துக் காட்டுவார்கள், பலமெல்லாம் அங்கே இருப்பதால். நமக்குப் பலம் கடைசிச் சொல்லில். ஆகவே கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அழைக்கிறது, கேட்டுக்கொள்கிறது, வலியுறுத்துகிறது, கோருகிறது என்று படி ஏறும். ‘உத்தரவிடுகிறது’ என்று பொதுச் சபையில் எழுதினால் வெட்டுங்கள், அதன் தீர்மானங்கள் பெரும்பாலும் சிபாரிசுதான். உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு எடுக்கும் அதிகாரம் 15 நாடுகள் இருக்கும் பாதுகாப்புச் சபைக்கு உண்டு.

எச்சம் என்றால் காகம் போடுவதும் எச்சம்தான், தெரியும். பிள்ளைகள் இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் பழகிவிடும்.

இன்னொன்று. போன வருடம் ஒரு பாடசாலை மண்டபத்தில் இதைப் பார்க்கப் போயிருந்தேன். மீன்பிடி வீட்டுப் பையனுக்குப் பொலிவியா விழுந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டுப் போரில் கரையைச் சிலியிடம் இழந்த நாடு. அவன் எழும்பி, ‘எங்களுக்குக் கடல் இல்லை’ என்றான். மண்டபமே சிரித்தது, அவன் சேர்ட்டில் அப்போதும் வலை மணம் இருந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வசனத்தில்தான் தடுமாறினான்: ‘நாம் வழி கேட்கிறோம்’ என்றான். நாம் என்றால் எதிரே இருக்கும் சிலியும் உள்ளே வந்துவிடும்! ஆங்கிலத்தில் இந்த வில்லங்கம் இல்லை. எனவே ஒன்றில் ‘நாங்கள்’, அல்லது நேராக ‘பொலிவியா கேட்கிறது’. படர்க்கையில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்றால், வடமோடிக் கூத்தின் வரவுப் பாட்டில் அரசன் தன்னைத் தானே படர்க்கையில் பாடிக்கொண்டுதான் களரிக்குள் வருகிறான் என்று சொல்லிக் கொடுங்கள். களரிக்கு இந்த இடத்தில் வேலை இருக்கிறது, தம்பி கோபிக்கவேண்டாம்.

சொல் செய்யப் பயப்படவும் வேண்டாம். 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் உங்கள் பக்கத்து ஊரில், காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்.

கல்லடியிலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு தமிழ் வாத்தியார்

——

சேர்,

‘மாதிரி ஐ.நா. அவை’ அச்சுக்குப் போய்விட்டது. எச்சத்துக்கு இரண்டு நாள் இல்லை, ஒரு நாள்தான் சிரித்தார்கள். நேற்றுக் கூடிப்பேச்சில் ஒரு பிள்ளை மற்றவளைப் பார்த்து, ‘உன்ர முற்றில பலம் காணாது, மேல எச்சம் மட்டும் நாலு வரி’ என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகள் எல்லாம் சம்மதித்தால் திருத்தம் வாக்கெடுப்பில்லாமல் ஏறும். ஒரு நாடு மறுத்தாலும் வாக்கெடுப்பு. இந்த இரண்டு திருத்தத்துக்கும் ‘நட்பு’, ‘நட்பற்ற’ என்று போட்டிருந்தோம், பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. அவர்களே ‘இணக்கத் திருத்தம்’, ‘பிணக்குத் திருத்தம்’ என்று வைத்திருக்கிறார்கள். வேலிச் சண்டைக்கு இணக்க சபைக்குப் போய்வந்த வீட்டுப் பிள்ளை ஒன்றின் வேலை என்று நினைக்கிறேன். விடட்டுமா?