இயன்மருத்துவப் படிப்பு வளர்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால், அதை எதைக் கொண்டு அளப்பது?

செங்காங்வாசி (கேள்வி)

வணக்கம். என் மகள் இவ்வாண்டு தொடக்கக்கல்லூரியின் இறுதித் தேர்வை எழுதுகிறாள். பேச்சில் நாம் பிசியோதெரபி என்று சொல்லும் இயன்மருத்துவத்தைத்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். சென்ற ஆண்டு என் தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவரை மீண்டும் நடக்க வைத்த இளம்பெண்ணைப் பார்த்ததிலிருந்து வந்த ஆசை இது. ஆகவே நான் குறுக்கே நிற்கப் போவதில்லை.

எங்கே படிப்பது என்பதில்தான் குழப்பம். ஒருபக்கம் பொங்கோலில் இருக்கும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் நான்காண்டுப் பட்டப்படிப்பு. மறுபக்கம், அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பி அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் செய்தி ஏட்டை அனுப்பியிருக்கிறார். இயன்மருத்துவப் பிரிவில் மாணவர் எண்ணிக்கை கூடியது, புதிய ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது, மாணவர் குழு தொண்டூழியத்துக்காக விருது வாங்கியது, பேராசிரியர் ஒருவர் பாராட்டப்பட்டார், கூடைப்பந்து அணி வென்றது என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது கல்யாண ஆல்பம் பார்ப்பது போல் இருந்தது; மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்பது மட்டும் தெரியவில்லை.

இத்துறையில் இருப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: ஒரு படிப்பு உண்மையாகவே வளர்ந்திருக்கிறதா, அல்லது பெருத்திருக்கிறதா என்பதைப் பெற்றோர் எப்படிக் கண்டுகொள்வது? அமெரிக்கப் பட்டத்துடன் திரும்பி வந்தால் இங்கே வேலை செய்ய முடியுமா?

மூட்டுக்காரி

ஐயா, நான் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலில் இருப்பவள். அதனால் என் பதிலில் சற்றுப் பழங்கதையும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் இங்கே கிடைத்தது மூன்றாண்டுப் பட்டயம்தான். பட்டம் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போக வேண்டும். பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பட்டத்தை, பட்டயம் வைத்திருப்பவர்கள் இங்கிருந்தபடியே முடிக்கும் வாய்ப்பு சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வழியாக வந்தது. அக்கழகம் 2009இல் தொடங்கப்பட்டு 2014இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. 2016இல் இயன்மருத்துவத்தில் தனது நான்காண்டு சிறப்புப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அந்த முதல் அணியினர் படிப்பை முடித்தது 2020இல், கொவிட் பரவலின் நடுவே. என்னைக் கேட்டால், இந்நாட்டில் இத்துறை கண்ட உண்மையான வளர்ச்சி இதுதான். பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு ஏறியபோது ஆண்டு ஒன்று கூடியது மட்டும் நடக்கவில்லை. "மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்விப்பவர்" என்ற நிலையிலிருந்து, நோயாளியைத் தானே மதிப்பிட்டு, ஆய்வுச் சான்றுகளைப் படித்து, ஏன் இந்தச் சிகிச்சை என்று விளக்கக்கூடியவர் என்ற நிலைக்குப் புதிதாக வருபவர்கள் தயாராகி வந்தார்கள். நானே அவர்களிடம் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். முதலில் ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

இனி உங்கள் கேள்வி. ஆய்வுக்கூடத்தைப் பணம் இருந்தால் ஆறு மாதத்தில் கட்டிவிடலாம். மாணவர் சேர்க்கையை ஒரு கூட்டத்தில் முடிவெடுத்துக் கூட்டிவிடலாம். ஆனால் மருத்துவமனைப் பயிற்சிக்கு மாணவர்களை ஏற்று, பக்கத்தில் நின்று கற்பிக்கும் அனுபவசாலிகளை அப்படிப் பெருக்க முடியாது. என்னிடம் ஒரு நேரத்தில் ஒரு மாணவர் வருவார், நெருக்கடி என்றால் இருவர். அந்த வாரங்களில் நான் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை குறையும், வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போகும். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது மாணவரின் கை எங்கே இருக்கிறது என்று கவனிக்க ஒரு கண், நோயாளியின் முகத்தைக் கவனிக்க ஒரு கண் வேண்டும். மூன்றாவது மாணவருக்கு என்னிடம் கண் இல்லை.

ஆகவே எந்தப் பல்கலைக்கழகமானாலும் இதைக் கேளுங்கள்: மாணவர் எண்ணிக்கை கூடியபோது பயிற்சி இடங்களும் கூடினவா, அவை எத்தகைய இடங்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு, எலும்பு முறிவுப் பிரிவு, நரம்பியல் மறுவாழ்வு, சமூக மருத்துவமனை, வீட்டுக்கே சென்று பார்ப்பது என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறார்களா, அல்லது விளையாட்டுக் காயங்களை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்களா?

பழைய கணக்கர்

மூட்டுக்காரி அவர்கள் சொன்னதோடு எண்களையும் சேர்க்கிறேன். நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் மருமகள் அமெரிக்காவில் இதைப் படித்ததால் கட்டண ரசீதுகளுடன் எனக்குப் பழக்கம் உண்டு.

அமெரிக்காவில் இயன்மருத்துவராவதற்கான நுழைவுப் பட்டமே இன்று முனைவர் நிலைத் தொழிற்பட்டம். டிபிடி என்பார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1993இல் அதைத் தொடங்கி வைத்தது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. முதலில் நான்காண்டு இளங்கலை, அதற்குப்பின் ஏறத்தாழ மூன்றாண்டு டிபிடி. ஆகவே உங்கள் மகளுக்கு முன்னால் இருப்பது நான்குக்கும் ஏழுக்கும் இடையிலான தேர்வு. கட்டணம், வாடகை, டாலர் மாற்று விகிதம் எல்லாவற்றையும் ஏழால் பெருக்கிப் பாருங்கள். இங்கே குடிமக்களுக்குக் கட்டண மானியம் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் போன்றவற்றின் உபகாரச் சம்பளம் கிடைத்தால் செலவு இன்னும் குறையும், பதிலுக்குச் சில ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் இருக்கும்.

செய்தி ஏட்டைப் பொறுத்தவரை, விருதுப் படங்களைத் தாண்டிச் சென்று வேறொன்றைத் தேடுங்கள். அங்கே இப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு கேப்டி. ஒவ்வொரு படிப்பும் தன் முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது அதன் விதி: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், தேசிய உரிமத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. ஈராண்டுச் சராசரியில் முடித்தவர்கள் 80 விழுக்காட்டுக்கும், உரிமத் தேர்வில் இறுதியாகத் தேறியவர்கள் 85 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. சேர்க்கை கூடிய ஆண்டுக்குப் பிறகு அந்த எண்கள் அதே உயரத்தில் நிற்கின்றனவா, சரிகின்றனவா என்று பாருங்கள். புதிய படிப்பாக இருந்தால் முழு அங்கீகாரம் வந்துவிட்டதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்பதும் முக்கியம். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் அங்கே உரிமத் தேர்வு எழுத வழி உண்டு.

கூடைப்பந்து அணியைப் பற்றி எனக்குக் கருத்து எதுவும் இல்லை.

திருச்சியிலிருந்து

வெளிநாட்டுப் பட்டம் குறித்து என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் தமிழ்நாட்டில் ஆறு மாதப் பயிற்சியும் சேர்த்து நான்கரை ஆண்டு படித்துவிட்டு இங்கே வந்தவன். இயன்மருத்துவர்கள் இங்கே தொழில் செய்ய, ஏஎச்பிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் துணைநிலைச் சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2013 முதல் அது நடப்பில் இருக்கிறது. எந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகப் பட்டங்கள் ஏற்கப்படும் என்ற பட்டியலை மன்றம் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. உங்கள் தம்பி அனுப்பிய பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் பாருங்கள். பட்டம் ஏற்கப்பட்டாலும், வெளிநாட்டில் படித்தவர்கள் முதலில் நிபந்தனைப் பதிவில், ஒருவரின் மேற்பார்வையின்கீழ்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது அவமானம் என்று முதலில் நினைத்தேன். ஆறு மாதத்துக்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

நான்காம் ஆண்டு

நான் தற்போது படித்துக்கொண்டிருப்பவள், ஆகவே வளாகத்தைப் பற்றி நான் சொல்வதே பொருத்தம். முன்பு எங்கள் கழகத்துக்கு டோவரில் ஒரு வளாகமும் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்குள் ஒவ்வொரு கட்டடமுமாக இருந்தன. ஒரே பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போக முடிந்தது. 2024இல் பொங்கோலுக்கு இடம்பெயரத் தொடங்கியபின், அவ்வாண்டு டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் எம்ஆர்டி நிலையமும் திறந்தபின், பொறியியல் மாணவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட நேர்கிறது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் நோயாளி நடக்கும்போது பாதம் எங்கே அழுந்துகிறது என்று அளக்கும் கருவியைப் பற்றி எங்களுக்குக் குறை இருந்தால், அதைச் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்.

ஆனால் வளாகச் சாதனை என்று நான் பெருமைப்படுவது எந்த ஏட்டிலும் வராத ஒன்று. சென்ற பயிற்சியில் ஒரு தமிழ்ப் பாட்டியைப் பார்த்தேன். எனக்கு முன் அவரைப் பார்த்த சீன மாணவி மலாயில் "சாகிட்?" (வலிக்கிறதா) என்று கேட்டிருக்கிறாள், பாட்டியும் தலையாட்டியிருக்கிறார். குறிப்பேட்டில் "வலி உண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் தமிழில் கேட்டவுடன் பாட்டி விரித்துவிட்டார். முழங்கால் கடுக்கிறதாம், அது காலையில் எழும்போது மட்டும், நாலடி நடந்தால் விட்டுவிடுமாம். இடுப்பிலிருந்து பின்னங்கால் வழியாக இறங்குவது வேறாம், அது எரியுமாம், சில நேரம் கட்டைவிரல் மரத்துப்போகுமாம். முதலாவது மூட்டுத் தேய்மானத்தில் வழக்கமாகக் காண்பது. இரண்டாவது முதுகெலும்பருகே நரம்பு நெருக்கப்படுகிறதா என்று சோதிக்க வேண்டியது. கடுப்பு, குடைச்சல், எரிச்சல், குத்தல், சுருக்கென்று இழுப்பது, மரத்துப்போவது என்று நம் பாட்டிமார் துல்லியமாகப் பிரித்துச் சொல்வதை எல்லாம், உடன்வரும் பேரப்பிள்ளை "பெயின்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்.

அதன்பிறகு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து இந்தச் சொற்களை எழுதி, ரோமன் எழுத்தில் உச்சரிப்பும் சேர்த்து, வகுப்பில் அனைவருக்கும் கொடுத்தோம். சீனத் தோழிகள் ஹொக்கியன் மொழிக்கும் கன்டனீஸ் மொழிக்கும் அதேபோல் எழுதித் தந்தார்கள். "மடக்குங்க", "நீட்டுங்க", "மூச்சைப் பிடிக்காதீங்க" என்று இப்போது என் வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். உச்சரிப்பைக் கேட்டால் பாட்டிகள் சிரிக்கிறார்கள், ஆனால் மடக்குகிறார்கள்.

மூட்டுக்காரி

தம்பி தங்கைகள் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்க மகிழ்ச்சி. இதோடு ஒன்று சேர்க்கிறேன். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "கோயிலில் தரையில் உட்காரலாமா, தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடக்கலாமா" என்பதுதான். படிக்கட்டு ஏறுவதும் பேருந்தில் ஏறுவதும் மட்டுமே இலக்காக எழுதப்பட்ட பயிற்சித் தாளில் இதற்கு இடம் இருக்காது. இந்நாட்டு நோயாளிகளிடையே படித்துத் தேறியவருக்கு அக்கேள்வி எதிர்பாராததாக இருக்காது. 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. உங்கள் மகள் எங்கே படித்தாலும், அவள் கைபிடித்து நடத்தப் போவது பெரும்பாலும் அவர்களைத்தான்.

செங்காங்வாசி

அனைவருக்கும் நன்றி. பட்டியலையும் முடிவுகளின் எண்களையும் மகளே உட்கார்ந்து தேடினாள். சேர்க்கை உயர்ந்த ஆண்டுக்குப் பின் உரிமத் தேர்வு எண் சரிந்திருப்பதை அவளே காட்டினாள். தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது என்பது என் பாடு. பொங்கோலில் பொது வரவேற்பு நாள் வரும்போது சென்று, பயிற்சி இடங்களைப் பற்றிய கேள்வியை அவளையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கவலை, என் மனைவியுடையது. மகள் மெலிந்த உடல்வாகு. பெரிய ஆட்களைத் தூக்கி நிறுத்த அவளால் முடியுமா?

மூட்டுக்காரி

தூக்கவே கூடாது ஐயா. தூக்குபவர்கள் நாற்பது வயதில் நோயாளிகளாக எங்களிடம் வருகிறார்கள். எழவே முடியாதவருக்குப் பளுதூக்கிக் கருவி இருக்கிறது; சற்று முடிகிறவருக்கு இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்துக்கொள்வோம். மற்றதை நோயாளியின் உடலே செய்யும். உங்கள் தாயார் நாற்காலியிலிருந்து எழச் சிரமப்பட்டால் இன்றே சொல்லிப் பாருங்கள்: இருக்கையின் நுனிக்கு நகரட்டும், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுக்கட்டும், மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னால் குனியட்டும், பிறகு எழட்டும். மகள் பக்கத்தில் நின்றால் போதும், ஒரு கை முதுகில்.