வளையா, வலையா? மண்ணுக்குள் வாழும் ஓநாய்ச் சிலந்திக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

மண்ணில் வளை தோண்டி வாழும் ஓநாய்ச் சிலந்தியைப் பற்றி நாம் சேர்ந்து எழுதும் கட்டுரையில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த 'வளைச் சிலந்தி' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. எலி வளை, நண்டு வளை என்று ஊரில் புழங்குகிற சொல். 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது இந்தச் சிலந்திக்கு அப்படியே பொருந்தும், ஒரு வளைக்கு ஒரு ஆள்தான். ஓநாய் என்று பெயர் இருந்தாலும் கூட்டம் சேர்ந்து வேட்டையாடும் பழக்கம் இதற்குக் கிடையாது.

அப்புறம் பெயரை வாய்விட்டு என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாச் சிலந்தியும் வலைச் சிலந்திதானே அப்பா?" என்றாள். அங்கேயே பெயர் கவிழ்ந்துவிட்டது. நம்மில் பலர் வாயில் லகரமும் ளகரமும் ஒன்றுதான். வலை கட்டி இரை பிடிக்காத சிலந்தி இது. வளை வாயிலில் பதுங்கியிருந்து, அருகில் வரும் பூச்சியின் மேல் பாய்கிறது. அதைப் போய் 'வலைச் சிலந்தி' என்று காதில் விழவைப்பதா?

'அளைவாழ் சிலந்தி' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அளை என்றால் வளை, குகை. பழைய சொல், அழகான சொல். புறநானூற்று 86ஆம் பாட்டில் தாய் தன் வயிற்றைப் புலி தங்கிப் போன கல்லளை என்கிறாள். ஆனால் இதையும் 'அலை' என்றுதான் கேட்பார்கள். போதாக்குறைக்கு அளை என்றால் மோர், தயிர் என்றும் அகராதி சொல்லும்.

பொந்து என்றால் எனக்குக் கிளியும் ஆந்தையும்தான் நினைவுக்கு வருகின்றன. புற்று சரிவராது. அது கறையான் மேல்நோக்கிக் கட்டியதில் பாம்பு குடியேறுவது. இதுவோ தானே தோண்டிக் குடியிருக்கிறது.

அதனால் என் பரிந்துரை 'மண்வளைச் சிலந்தி'. முன்னால் மண் வந்துவிட்டால் குழப்பம் போய்விடும், மண்வலை என்று ஒரு பொருள் இல்லையே. 'ஓநாய்ச் சிலந்தி' குடும்பப் பெயராகவே இருக்கட்டும். பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய் 1804இல் லைகோசா என்று பேரினப் பெயர் வைத்ததே ஓநாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான்.

நாம் கட்டுரை எழுதும் இனம் லைகோசா தரந்துலா. 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் விவரித்தது, தெற்கு இத்தாலியின் தாரந்தோ நகரத்தின் பெயரைத் தாங்கியது. இது கடித்தால் ஆடித்தான் விஷத்தை இறக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்பினார்கள். தாரந்தெல்லா நடனத்தையும் இந்த நம்பிக்கையோடு சேர்த்தே சொல்வார்கள். உண்மையில் இதன் கடி மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. பின்னாளில் ஐரோப்பியர்கள் அமெரிக்காவில் கண்ட பெரிய மயிர்ச் சிலந்திகளையும் அதே பெயரால் டரன்டுலா என்று அழைக்க, பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. பெயரின் முதல் சொந்தக்காரிக்கு அது இப்போது உதவாது, வாசகர் வேறு சிலந்தியை நினைத்துக்கொள்வார். 'தாரந்தோ மண்வளைச் சிலந்தி' என்றே எழுதலாம்.

சொந்தக்காரி என்று பெண்பாலில் சொன்னது தெரிந்தேதான். முதிர்ந்த ஆண் வளையை விட்டுவிட்டுத் துணை தேடி அலையும். பெண்தான் வீட்டோடு இருப்பவள், முட்டைப் பையைப் பின்பக்கத்தில் ஒட்டிச் சுமப்பவள், குஞ்சுகள் வெளிவந்ததும் முதுகில் ஏற்றிக்கொள்பவள்.

இன்னொரு சொல்லும் பாக்கி. வளையின் வாயைச் சுற்றிக் காய்ந்த புல், சருகு, சிறு கல் இவற்றைத் தன் நூலால் கட்டி ஒரு சிறு வளையம் எழுப்புகிறதே, அதற்கு என்ன பெயர்? 'கோபுரம்' என்று வரைவில் இருக்கிறது. சில சமயம் ஒரு விரற்கடை உயரம்கூட வராத ஒன்றுக்குக் கோபுரம் கொஞ்சம் அதிகம். கிணற்றைச் சுற்றி இருப்பதைக் கைப்பிடிச் சுவர் என்போம். இங்கே பிடிக்கக் கையில்லை என்பதால் 'வாய்ச்சுவர்' என்று சுருக்கலாமா? எனக்கே அரைமனதுதான். கிணறு வெட்டிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இதைவிட நல்ல சொல் சொன்னால் வரைவில் மாற்றிவிடுகிறேன்.