அடிப்போகைன்: 'கொழுப்பூக்கி' வேண்டாம், 'கொழுப்பணுத் தூதி' எப்படி?

நண்பர்களே, வணக்கம்.

அடிப்போகைன் (adipokine) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நேற்று இந்த இழையில் வந்த 'கொழுப்பூக்கி' சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. வினையூக்கி என்றால் வினையை ஊக்குவது, அப்படியானால் கொழுப்பூக்கி என்று படிப்பவர் கொழுப்பைக் கூட்டும் ஏதோ ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே கொழுப்பு செயப்படுபொருளே இல்லை, சரக்கு புறப்படும் இடம். கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி ரத்தத்தில் போய் மூளைக்கும் ஈரலுக்கும் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் சேதி சொல்லும் புரதங்களைத்தானே அடிப்போகைன் என்கிறோம். 1994-இல் அவற்றில் ஒன்றான லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் கொழுப்பணு (கொழுப்பைச் சேமிக்கும் உயிரணு) வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல என்பது பலருக்கும் உறைத்தது. அதனால் சொல்லில் 'தூது' இருக்க வேண்டும் என்பது என் கட்சி: கொழுப்பணுத் தூதி. 'அணு' குழப்பும் என்றால் சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் பழகிவிட்டனவே.

இன்னொன்று, அடிப்போனெக்டின் என்ற இன்னொரு அடிப்போகைனுக்கு 'நாளக்காப்பான்' (ரத்தநாளத்தைக் காப்பது) என்று ஒரு பரிந்துரை வந்தது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். உடல் பருமன் கூடினால் அடிப்போனெக்டின் குறைகிறது, ரத்தக்குழாயில் அழற்சியைத் தணிக்கிறது, எல்லாம் சரி. ஆனால் ஏற்கெனவே இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அதே அடிப்போனெக்டின் கூடுதலாக இருப்பவர்களுக்கு இறப்பு அபாயமும் கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தக் கொழுப்பைச் சீராக்கக் கொடுக்கப்பட்ட நியாசின் (வைட்டமின் பி3) மருந்தைப் பாருங்கள். அது கொழுப்பணுவிலேயே நேரடியாக வேலை செய்து கொழுப்பு அமிலம் வெளியேறுவதைத் தடுக்கிறது, அடிப்போனெக்டினையும் உயர்த்துகிறது, இருந்தும் ஸ்டாட்டின் என்ற கொலஸ்டிரால் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் நாளை அறிவியல் நகரும்போது சொல் பொய்யாகிவிடும். லெப்டினும் அடிப்போனெக்டினும் அப்படியே இருக்கட்டும், வகைக்கு மட்டும் தமிழ்ப் பெயர் போதும்.

அப்புறம், ஸ்டாட்டினைக் 'கொழுப்புக் குறைப்பி' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடலாம். இதைப் படித்துவிட்டு மாத்திரை போட்டால் உடம்பு இளைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது ஈரலில் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைக்கிறது, ஈரல் ரத்தத்திலிருந்து, கொலஸ்டிராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது, மாரடைப்பு அபாயம் இறங்குவது முக்கியமாக அதனால்தான். தொப்பையில் இருக்கும் கொழுப்பு அதனால் கரைவதில்லை. 'கொலஸ்டிரால் குறைப்பி' என்றே எழுதுவோம், கடன்சொல்தான், ஆனால் யாரையும் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகாது.

என் சொல்லை ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "கொலஸ்டிரால் குறைப்பிகள் கொழுப்பணுத் தூதிகளின் அளவையும் மாற்றக்கூடும், எந்தப் பக்கம், எவ்வளவு என்பது மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது." எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.