மேடு ஏறும்போது மோட்டார்ஹோம் பின்பக்கம் தரையில உரசுது, ஏர்பேக் போடவா ரோலர் வைக்கவா?

வீடோட_கிளம்பு:

வணக்கம் நண்பர்களே. ஒரு வருஷமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், முடியல, அதான் இங்க கேக்குறேன். எங்க மோட்டார்ஹோம் (உள்ளயே வீடு மாதிரி தங்குற வண்டி) 7.7 மீட்டர் நீளம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல 4 மீட்டர், பின் ஆக்சிலுக்குப் பின்னாடி மட்டும் 2.8 மீட்டர் வால் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. சமதரையில ஒரு குறையும் இல்ல. ஆனா ரோட்டுலருந்து ஒரு சரிவுல ஏத்தினோம்னா, முன்பக்கம் தூக்கி பின் சக்கரமும் ஏற ஆரம்பிக்கிற அந்த நேரத்துல பின்னாடி கர்ர்ருன்னு தரையைக் கீறிக்கிட்டே வரும். உள்ள உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்குவோம்.

போன வாரம் பாய் விரிச்சு அடியில படுத்துப் பாத்தேன். சைலன்சர் குழாயோட வாய் நசுங்கி தட்டையா ஆயிருக்கு, டிரெய்லர் மாட்டுற கொக்கியோட அடிப்பக்கம் தேய்ச்ச பாத்திரம் மாதிரி பளபளன்னு இருக்கு. கழிவுத்தண்ணி டேங்க் வால்வு அந்தக் கொக்கிக்கு மேல மூணே விரக்கடைதான். அது உடைஞ்சா என்ன ஆகும்னு நினைச்சாலே பயமா இருக்கு.

ஒரு பட்டறையில ஏர்பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்கிற காத்துப் பை) போடுன்னாங்க, இன்னொரு பட்டறையில பின்னாடி வாலுக்கு அடியில தரையில பட்டா உருளுற மாதிரி இரும்பு ரோலர் வெல்டிங் பண்ணிடலாம்னாங்க, ரெண்டு பேருமே கீழ குனிஞ்சுகூட பாக்கல. எது சரி? யாராவது செஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, ரெண்டும் அப்புறம். எதுக்கு உரசுதுன்னு தெரியாம எதைப் போட்டாலும் காசுக்குப் பிடிச்ச கேடுதான். வண்டியை மட்டமான தரையில, வழக்கமா ஊருக்குக் கிளம்பும்போது எவ்ளோ சாமான் ஏத்துவீங்களோ அவ்ளோவும் ஏத்தி, தண்ணி டேங்க் ரொப்பி நிறுத்துங்க. பின்னாடி தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற பாகம் எதுன்னு பாத்து அதுக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளங்க. உதாரணத்துக்கு 30 சென்டிமீட்டர்னு வைங்க, அது ஆக்சில்லருந்து 280 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு, அப்போ 280ஐ 30ஆல வகுத்தா ஒன்பது சொச்சம், அதாவது ஒன்பது அடிக்கு ஒரு அடி ஏறுற சரிவுலயே உங்க வால் தரையைத் தொட்டுடும். கோணத்துல சொன்னா ஏறக்குறைய 6 டிகிரி. அது ஒண்ணும் பெரிய மேடே இல்ல, அதான் போற இடமெல்லாம் உரசுது.

அப்புறம் பின் சக்கரத்துக்கு மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் இடது வலது ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க. ஒரு பக்கம் இறங்கி இருந்தா ஸ்பிரிங் பட்டையில (ஆக்சில் மேல வண்டி எடையைத் தாங்குற வளைஞ்ச இரும்புப் பட்டைங்க) கோளாறு இருக்கலாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு, ஆனா பட்டை வளைவே இல்லாம நேரா கிடக்குதுன்னா, பட்டை களைச்சுப் போயிருக்கணும் இல்லன்னா நீங்க ஏத்துற எடை அதிகமா இருக்கணும்.

இன்னொண்ணு, இதை யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க. இந்த மாதிரி வண்டில நிறைய, கம்பெனி சேஸிஸோட (வண்டியோட அடிச்சட்டம்) வாலுல தனியா ஒரு இரும்பு சட்டம் ஒட்டவச்சு நீட்டித்தான் பின் ரூமைக் கட்டியிருப்பாங்க. அந்த ஒட்டு துருப்பிடிச்சு விரிசல் விட்டுச்சுன்னா ஸ்பிரிங் நல்லா இருந்தாலும் வால் மட்டும் தொங்கும். ரசமட்டம் ஒண்ணை சேஸிஸ் மேல ஆக்சில் கிட்ட வச்சுப் பாருங்க, அப்புறம் வால்கிட்ட வச்சுப் பாருங்க, ரெண்டுலயும் குமிழி வேற வேற இடத்துல நின்னா ஏர்பேக் கடைக்குப் போகாதீங்க, வெல்டிங் தெரிஞ்ச ஆளைத் தேடுங்க.

கடைசியா எடை மேடைல ஒரு தடவை ஏத்துங்க. மொத்த எடை மட்டும் போதாது, பின் ஆக்சில் தனியா எடை பாக்கணும். ஏன்னு சொல்றேன். உங்க வண்டில ஆக்சிலுக்கு 2.8 மீட்டர் பின்னாடி 100 கிலோ வச்சீங்கன்னா பின் ஆக்சில்ல ஏறுறது 100 கிலோ இல்ல, 170 கிலோ. மிச்ச 70 கிலோ முன் சக்கரத்துலருந்து கழண்டு வந்தது. தராசு மாதிரிதான், ஆக்சில் நடுவுல முள்ளு, வால் கீழ போனா மூக்கு மேல போகும். முன் சக்கரம் லேசானா ஸ்டீயரிங்கும் மிதக்கும்.

மலையேறி:

ஸ்பேனர் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. நான் இதையெல்லாம் பாக்காம நேரா ஏர்பேக் போட்டவன், அதனால அந்த அனுபவத்தை சொல்றேன். ஏர்பேக் நல்ல சாமான்தான், நான் குறை சொல்லல, சரக்கு ஏத்தும்போது காத்து ஏத்தி இறக்கின அப்புறம் குறைச்சுக்கலாம், வளைவுல வண்டி ஆடுறதும் குறையும். ஆனா அது ஆக்சிலோட தாங்கும் சக்தியை ஒரு கிலோகூட ஏத்தாது. வண்டி நிமிந்து நிக்கிறதைப் பாத்துட்டு ஓவர்லோடு இல்லன்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டேன், ஒரு வருஷம் கழிச்சு பின் டயர் ரெண்டும் ஓரத்துல தேய்ஞ்சு வந்தப்பதான் எடை போட்டேன்.

போடுறதா இருந்தா இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி காத்துக் குழாய் போடுங்க. ஒரே குழாய்ல ரெண்டையும் இணைச்சா வளைவுல அமுங்குற பக்கத்துக் காத்து மறு பக்கம் ஓடிடும், வண்டி இன்னும் சாயும். காத்தே இல்லாமலும் ஓட்டக் கூடாது, பை மடிப்புல கிழிஞ்சுடும். என் செட்டுக்கு குறைஞ்சது 5 பிஎஸ்ஐ, அதிகபட்சம் 100னு தாள்ல போட்டிருந்தாங்க, உங்க செட்டோட வர தாளைப் படிச்சு அதுபடி போங்க. குழாய் சைலன்சர்கிட்ட போகாம பாத்துக்கோங்க, எனக்கு ஒரு தடவை சூட்டுல உருகி நடுராத்திரில ஒரு பக்கம் உக்காந்துருச்சு.

நெடுஞ்சாலை_நண்பன்:

ரோலர் பத்தி மட்டும் சொல்றேன். ரோலர் உரசலை நிறுத்தாது, கீழ இருக்கிற குழாய் வால்வு எல்லாத்தையும் காப்பாத்தும், அவ்ளோதான். அதுவே பெரிய உதவி, எங்க வண்டிலயும் இருக்கு. ஆனா கொக்கியில போய் வெல்டிங் வைக்க விடாதீங்க, சேஸிஸ் சட்டத்துல ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு மாட்டணும், ஏன்னா அது தரையில பட்டா பின்பக்கத்து எடையில பெரும்பங்கு அங்கதான் வந்து நிக்கும். சட்டம் ஏற்கனவே விரிசல்னா அங்கயே முறிஞ்சுடும். இன்னொரு விஷயம், பின் சக்கரம் இழுக்கிற வண்டின்னா ரோலர் மேல எடை ஏறினதும் சக்கரத்துல பிடிமானம் குறையும், ஈரமான சரிவுல சக்கரம் சும்மா சுத்தும், வண்டி அங்கயே நின்னுடும்.

அது வரைக்கும் ரெண்டு தடிமனான பலகை வண்டில வச்சுக்கோங்க. சரிவு ஆரம்பிக்கிற இடத்துல பின் சக்கரம் ரெண்டுக்கும் அடியில வர மாதிரி போட்டு ஏறுங்க, 4 சென்டிமீட்டர் பலகையே நிறைய இடத்துல காப்பாத்தும். ரோடு அகலமா இருந்தா நேரா ஏறாம கொஞ்சம் கோணலா ஏறுங்க. ரொம்ப மெதுவா. ஒரு ஆள் இறங்கி பின்னாடி குந்திப் பாத்து கை காட்டணும், வண்டிக்கு நேர் பின்னால நிக்காம பக்கவாட்டுல.

வீடோட_கிளம்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து முழுக்க இதே வேலைதான். அளந்துட்டேன், எடையும் போட்டுட்டேன்.

ஸ்பேனர் அண்ணா, நீங்க உதாரணத்துக்கு சொன்ன 30 சென்டிமீட்டரே எனக்கும் வந்துச்சு, கொக்கியோட அடிதான் ரொம்பக் கீழ. ரசமட்டத்துல குமிழி ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி, ஒட்டு நல்லா இருக்கு, சுத்தியலால தட்டியும் பாத்தேன். ஆனா இடது பக்கம் வலதை விட 2 சென்டிமீட்டர் தாழ்வு. ஜாக்கி வச்சு, ஸ்டாண்டு குடுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா, ரெண்டாவது பட்டையில யூ போல்ட்டுக்கு (பட்டையை ஆக்சிலோட இறுக்கிப் பிடிக்கிற வளைஞ்ச போல்ட்) பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு கோடு, அதுலருந்து செம்மண் கரைச்ச மாதிரி துரு வழிஞ்சிருக்கு. நகத்தால கீறிப் பாத்தேன், நகம் உள்ள மாட்டுது. வெடிச்ச பட்டை!

பின் ஆக்சில் அளவு தகட்டுல 2500 கிலோன்னு இருக்கு, எடை மேடைல வந்தது 2640. 140 கிலோ கூடுதல். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் குடும்பத்தோட இப்படி ஓட்டியிருக்கேன்னு நினைச்சா தூக்கம் வரல. சைக்கிள் ரெண்டும் ஸ்டாண்டோட 60 கிலோ, அது வாலுக்கும் பின்னால, ஆக்சில்லருந்து 3.2 மீட்டர்ல தொங்குது. 120 லிட்டர் தண்ணி டேங்க் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடி. தராசுக் கணக்கு போட்டுப் பாத்தா சைக்கிள் 108, தண்ணி 156, மொத்தம் 264 கிலோ இது ரெண்டுமே பின் ஆக்சில்ல உக்காந்திருக்கு. சைக்கிளைக் கழட்டி டேங்க்கைக் காலி பண்ணிட்டு திரும்ப அளந்தேன், வால் 5 சென்டிமீட்டர் மேல வந்துடுச்சு. கை வைக்காமலே 5 சென்டிமீட்டர்!

பழைய_ஸ்பேனர்:

வெடிச்ச பட்டையோட ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க தம்பி. மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேத்து முழு செட்டா மாத்துங்க, ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா வண்டி சாஞ்சேதான் நிக்கும். யூ போல்ட்டும் புதுசு, பழசைத் திரும்ப முறுக்கக் கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு திரும்ப டைட் பாக்கணும்.

பட்டை மாத்தினா ஆக்சில்கிட்ட 3 சென்டிமீட்டர் ஏறும்னு வைங்க, உங்க வால் நீளத்துக்கு அது வாலுல 5 சென்டிமீட்டர் ஆகும். அந்தக் கொக்கி கழட்டுற மாதிரி இருந்தா டிரெய்லர் இல்லாத நாள்ல கழட்டி உள்ள வைங்க. சைக்கிளுக்கு வேற இடம் பாருங்க, தண்ணியைப் போய்ச் சேந்த இடத்துல புடிங்க, வழில அவசரத்துக்கு 20 லிட்டர் போதும். இதுக்கப்புறமும் உரசினாதான் ஏர்பேக்.

மலையேறி:

ஒண்ணு விட்டுட்டோம். பின்பக்கம் உசந்தா ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டுக்குக் கிட்ட விழும், அதைத் திரும்ப செட் பண்ணணும். பழைய வண்டின்னா பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல கம்பி மாட்டின பிரேக் வால்வு ஒண்ணு இருக்கலாம், எடைக்குத் தக்க பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிறது அதுதான். பின்பக்கம் தூக்கி நின்னா வண்டி காலியா இருக்குன்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சுடும். மெக்கானிக்கிட்ட சொல்லி அந்தக் கம்பியை அட்ஜஸ்ட் பண்ணாம வண்டியை வெளிய எடுக்காதீங்க.

வீடோட_கிளம்பு:

அந்தக் கம்பி இருக்கு, இப்பதான் படுத்துப் பாத்துட்டு வந்தேன். பட்டை செட் ரெண்டு பக்கத்துக்கும் ஆர்டர் குடுத்தாச்சு, வர்ற வரைக்கும் வண்டி நகராது. சைக்கிள் ஸ்டாண்டைக் கழட்டிட்டேன், பசங்களுக்கு முகம் வாடிடுச்சு, ஆனா காரணத்தைச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. மாத்தினதும் அதே சரிவுல ஏத்திப் பாத்துட்டு அளவோட வந்து எழுதுறேன்.